வயது முப்பது, எடை அறுபத்தைந்து, நோய் இல்லை

“இந்த மெஷினை விட்டா வேற எங்கேயும் இது ஓடாதுங்களா?”

“ஓடும். கூடவே நானும் ஓடணும்.”

தரணிதரனுக்குச் சிரிப்பு வரவில்லை. கோயம்புத்தூர்க்காரன், வெயில் காப்பு வாரியத்தின் பொறியாளன். தோள்பையை இறக்கி வைக்க இடம் தேடினான். அறையில் இருந்ததே ஒரு நாற்காலி. அதில் ஜெபக்கனி உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கிற உத்தேசம் அவளுக்கு இல்லை.

அது முதல் அளத்தின் குளிர்கொட்டகை. வெயில் ஆட்களைக் கொல்லத் தொடங்கிய பிறகு வந்த சட்டப்படி, கடற்கரையில் உள்ள ஒவ்வொரு உப்பளத்துக்கும் ஒரு குளிர்கொட்டகை வேண்டும், ஒரு சங்கு வேண்டும். வெக்கையும் காற்றின் ஈரமும் சேர்ந்து, வேர்வை காயாமல், உடம்பு உள்ளுக்குள்ளேயே வேகத் தொடங்குகிற நேரம் ஒன்று உண்டு. அதற்கு முன்னால் சங்கு ஊதிவிட வேண்டும். ஊதினால் உப்பு வாருகிற பலகையைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு எல்லோரும் கொட்டகைக்குள் வந்துவிட வேண்டும்.

எப்போது ஊதுவது என்று முடிவெடுக்கும் செயலியை எழுதியவள் ஜெபக்கனி. பாலிடெக்னிக் படிப்பு. நாற்பத்தேழு வயது. ஒன்பது வருடமாக முதல் அளத்தில் வெயிலுக்கு ஒரு உயிரும் போகவில்லை. மற்ற அறுபத்து மூன்று அளங்களில் கங்காணிகள் கடிகாரத்தைப் பார்த்து மணியடித்தார்கள். அங்கே போய்க்கொண்டிருந்தது.

“அறுபத்து நாலு அளத்துல அறுபத்து நாலு விதமான மெஷினுங்க” என்றான் தரணிதரன், நின்றுகொண்டே. “ஒவ்வொண்ணுலயும் உக்காந்து உங்க செயலியைப் பொருத்திட்டிருக்க முடியாது. அதனால செயலி, அதுக்கு வேண்டிய சாமான், அதுக்கு அடியில ஓடற சிஸ்டம் எல்லாத்தையும் ஒரே கன்டெய்னருக்குள்ள போட்டு மூடிடறோம். எங்க கொண்டுபோய் வச்சாலும் அது பாட்டுக்கு ஓடும்.”

ஜன்னலுக்கு வெளியே நின்ற சுடலைவடிவு தலையை உள்ளே நீட்டினாள். “ஹார்பர்ல அடுக்கி வச்சிருக்க பெட்டி மாதிரியா சார்?”

“அதே மாதிரிதாங்க. உள்ள என்ன இருக்குன்னு கப்பலுக்குத் தெரிய வேண்டியதில்லை.”

“பெட்டிக்குள்ள இருக்கவனுக்குக் கப்பல் தெரியுமா?”

“ஏட்டி, சோலியப் பாரு” என்றாள் ஜெபக்கனி. ஆனால் அவள் முகத்தில் ஒரு திருப்தி. “சொல்லு. இன்னைக்கு யாரு?”

தரணிதரன் முதல் முறையாக அந்த வழக்கத்தைப் பார்த்தான். காலை ஆறரைக்கு, பாத்திக்குள் இறங்குவதற்கு முன், பெண்கள் ஒவ்வொருத்தியாக ஜன்னலுக்கு வந்தார்கள். தன் உடம்பைப் பற்றி எவளும் சொல்லவில்லை. பக்கத்தில் நிற்பவளைப் பற்றிச் சொன்னார்கள்.

“ராசாத்திக்கு நேத்து சாயந்தரம் ரெண்டு தடவை வாந்தி” என்றாள் சுடலைவடிவு.

“எனக்கு ஒண்ணுமில்ல” என்றாள் அடுத்து வந்த ராசாத்தி. “பாக்கியத்துக்குத்தான் கால் வீங்கியிருக்கு.”

“பாக்கியத்துக்கு முடியல” என்றாள் அவளுக்கு அடுத்தவள். “வரப்புல ரெண்டு இடத்துல உக்காந்துட்டா.”

ஜெபக்கனி ஒவ்வொன்றையும் தட்டெழுதினாள்.

“என்னங்க எழுதறீங்க?”

“ஊர்ப் பேச்சு.”

“அது செயலிக்கு வேணுங்களா?”

“ஒமக்கு வேணுமா?”

அதற்குள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி வந்தாள். ஜெபக்கனியின் அதே மூக்கு, அதே நெற்றி. ஆனால் பாதி ஆள்தான். கால் இரண்டும் பந்துபோல் இருந்தன. தங்கை பாக்கியம்.

“எம் பேரப் போடாத.”

“மூணு பேரு சொல்லியாச்சு.”

“முந்நூறு பேரு சொல்லட்டும். நீ போடாத. தெனமும் எம் பேரு. எம் பேரப் போட்டா சங்கு பத்தரைக்கு ஊதுது. பாத்தி பாதியில கெடக்கு. மறுநாளு இவளுவ ரெண்டு பங்கு வாருதாளுவ. வாரும்போது என்னையப் பாக்காளுவ பாரு ஒரு பார்வை! நீ உள்ள ஏசியில இருக்க, ஒனக்கு என்ன தெரியும்?”

“தெரிஞ்சதுனாலதான் போடுதேன்.”

“நான் முப்பத்தொண்ணாம் அளத்துக்குப் போறேன். கங்காணி தாவீதுகிட்டச் சொல்லியாச்சு. அங்கன யாரும் யாரையும் சொல்ல மாட்டாவ. நிம்மதியாச் சாவேன்.”

“போ. அங்கன மணியடிச்சுக் கொல்லுவான்.”

“அங்கனயும் இனி ஒம் பெட்டிதானே வருது? இந்த சார்தானே கொண்டு வாராரு? கேக்கேன் சார், ஒம்ம பெட்டியில எம் பேரு இருக்குமா?”

தரணிதரன் அவசரமாகச் சொன்னான்: “பெட்டிக்குள்ள யார் பேரும் இருக்காதுங்க. இருக்கவும் கூடாது. சட்டம்.”

“கேட்டியா?” என்றாள் பாக்கியம் அக்காவைப் பார்த்து. மூன்று வருடமாக அவள் தேடிக்கொண்டிருந்த ஆள் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது அந்தக் குரல். அன்றே போய்விட்டாள்.

*

ஜெபக்கனியின் செயலி செய்ததை நாலு வரியில் சொல்லிவிடலாம். காலையில் வந்த பெயர்களில் யார் உடம்பு எல்லாவற்றையும்விட மோசமோ, அவளால் எவ்வளவு வெயில் தாங்க முடியும் என்று கணக்குப் போடும். அந்த அளவு வந்ததும் ஊதும். மற்றவர்கள் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் சரி.

பெயர்ப்பட்டியல் செயலியின் கோப்புகளோடு இல்லை. அவள் மெஷினில், தனியாக ஒரு மூலையில், சாதாரணக் கோப்பாக இருந்தது. நிரல் வேறு, ஊர்ப் பேச்சு வேறு என்று அவள் வைத்த வழக்கம் அது.

மூன்று நாள் தரணிதரன் அந்த அறையில் வேலை செய்தான். இரண்டாம் நாள் தனக்கென்று ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கி வந்தான். ஜெபக்கனி அதில் தன் மதியச் சாப்பாட்டுத் தூக்கை வைத்தாள்.

வாரியத்தின் உத்தரவை அவள் படித்திருந்தாள். கடைசி வரியில், ‘பொருத்திய பின் இயக்குபவர் எவரும் தேவைப்படார்’ என்று இருந்தது. நிரலின் தலைப்பில் அவள் பெயர் இருந்த இடத்தில் இப்போது வாரியத்தின் பெயர்.

“மேடம், ஒண்ணு கேக்கோணுங்க. இந்தச் செயலி வெளியில இருந்து ஏதாவது எடுக்குதுங்களா? பெட்டிக்குள்ள போடாம விட்டுட்டா அப்புறம் கஷ்டமுங்க.”

“காத்தும் வெயிலும் எடுக்கு.”

“அது கருவி தரும். வேற ஏதாவது?”

“படிச்சவியதானே? தேடிப் பாருங்க.”

அன்று சாயங்காலம் மறுபடி கேட்டான். “இல்ல” என்றாள். மூன்றாம் நாள் படிவத்தை நீட்டினான். ‘வெளிச்சார்பு எதுவும் இல்லை என உறுதியளிக்கிறேன்.’

“ஒரு தடவை நல்லா யோசிச்சுக்குங்க. முத்திரை போட்டுட்டா முடிஞ்சுதுங்க. மத்த ஊர்ல கங்காணிங்க ஆள் வச்சு சங்கைத் தள்ளிப் போட்டாங்கன்னுதான் இந்த முத்திரையே வந்துது. ஓடற பெட்டிக்குள்ள யாரு கை வச்சாலும், அது தன்னைத் தானே கொன்னுட்டு, பழையபடியே புதுசா எழும்பிடும். நீங்க கை வச்சாலுந்தான். நான் கை வச்சாலுந்தான்.”

ஜெபக்கனி கையெழுத்துப் போட்டாள்.

அவள் மனதில் ஓடியது இதுதான்: பட்டியல் இல்லாமல் செயலி எழும்பவே எழும்பாது. அறுபத்து நாலு அளத்திலும் சிவப்பு விளக்குப் போட்டு முழிக்கும். கங்காணிகள் பழையபடி மணியடிப்பார்கள், இரண்டு நாளைக்கு. மூன்றாம் நாள் இந்தக் கோயம்புத்தூர்க்காரன் இதே ஜன்னலில் வந்து நிற்பான். ‘மேடம், என்னமோ விட்டுப்போச்சுங்க’ என்பான். அப்போது நாற்காலி யாருக்கு, ஸ்டூல் யாருக்கு என்று பேசிக்கொள்ளலாம்.

*

மே மாதம், ஒரு திங்கட்கிழமை, காலை ஏழு மணி. அறுபத்து நாலு அளத்துக்கும் பெட்டி ஒரே நேரத்தில் இறங்கியது. முதல் அளத்தில் ஜெபக்கனியின் பழைய மெஷினிலிருந்து சங்குக்குப் போன ஒயரைத் தரணிதரன் கழற்றி, புது மெஷினில் செருகினான். பழைய மெஷினை நிறுத்தப் போனபோது, “அது எம் மெஷின். கெடக்கட்டும்” என்றாள். விட்டுவிட்டான். அதில் அவள் வழக்கம்போல் காலைப் பெயர்களைப் போட்டிருந்தாள்.

“எழும்பிருச்சுங்க” என்றான் திரையைப் பார்த்து.

“எத்தன?”

“அறுபத்து நாலும்.”

“பொய்.”

“நீங்களே பாருங்க. எல்லாம் பச்சைங்க.”

பார்த்தாள். பச்சைதான். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. முதல் கணக்கு வரும்போது விழும், வெயில் ஏறட்டும் என்று இருந்துவிட்டாள்.

பத்து ஐம்பதுக்குப் பழைய திரை, ஊத வேண்டிய நேரம் என்று சிவந்தது.

புதுத் திரை பச்சையாகவே இருந்தது. சங்கு ஊதவில்லை. ஜன்னல் வழியே பாத்திகள் கண்ணைக் கூசின. பெண்கள் குனிந்து வாரிக்கொண்டிருந்தார்கள்.

“ஊதலையே” என்றாள் ஜெபக்கனி.

“இன்னும் நேரம் இருக்குதுங்க. பெட்டி பன்னெண்டரைன்னு சொல்லுது.”

“பன்னெண்டரையா? யாருக்குப் பன்னெண்டரை?”

கேட்டுக்கொண்டே பழைய மெஷினில் தன் நிரலைத் திறந்தாள். வேகவேகமாக உருட்டினாள். ஒரு வரியில் விரல் நின்றது. ஒன்பது வருடத்துக்கு முன் அவளே எழுதிய குறிப்பு: ‘பட்டியல் இல்லேன்னா நிக்காதே. சராசரி ஆளை எடுத்துக்கோ.’

ஞாபகம் வந்தது. சர்ச்சில் அசன விருந்துக்குப் போய்விட்டுத் தாமதமாக வந்த நாள். பட்டியல் போடவில்லை. செயலி எழும்பவில்லை, சங்கும் ஊதவில்லை. ஆறு பெண்களைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். அன்று மதியமே அந்த வரியைச் சேர்த்தாள். யார் பெயரும் இல்லாவிட்டாலும் ஏதாவது ஒரு உடம்புக்கு ஊதட்டும் என்று. உடம்பைச் சட்டப் புத்தகத்தின் பின்னிணைப்பிலிருந்து எடுத்தாள். ஆண், வயது முப்பது, எடை அறுபத்தைந்து, நோய் இல்லை. அதற்குப் பிறகு பட்டியல் இல்லாத நாளே வரவில்லை. வரியும் மறந்துபோனது.

வெளியே ஓடி, கொட்டகைத் தூணில் தொங்கிய தண்டவாளத் துண்டைக் கல்லால் அடித்தாள். “ஏறி வாங்கட்டி! எல்லாரும் ஏறி வாங்க!”

திரும்பி வந்தபோது தரணிதரன் எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

“பெட்டியை நிறுத்தும்.”

“ஏனுங்க?”

“பட்டியல் இல்லாம ஓடுது. காலையில சொல்லுதாளுவளே, அந்தப் பேருதான் எல்லாம். நான் ஒம்மகிட்ட மறைச்சுட்டேன். எழும்பாதுன்னு நெனச்சேன். போதுமா? நிறுத்தும்.”

அவன் முகம் மாறவில்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது.

“அந்தக் கோப்பை நான் பாத்தேனுங்க” என்றான்.

“எப்ப?”

“ரெண்டாவது நாளே. பேரு, நோவு, கால் வீக்கம், வாந்தின்னு இருந்துது. அதைப் பெட்டிக்குள்ள போட்டா என்னைய ஜெயில்ல போடுவாங்க. எடுத்துட்டு ஓட்டிப் பாத்தேன். ஓடுச்சு. இல்லாமயே ஓடற சாமான் வேண்டாத சாமான்தானேன்னு விட்டுட்டேன்.”

“அப்ப எதுக்குவே மூணு தடவை கேட்டீரு?”

“நீங்க வாயால சொல்லோணும்னு. சொல்லியிருந்தா, வெளியில இருந்து மாட்டறதுக்கு அனுமதி கேட்டு எழுதியிருப்பேன். நீங்க இல்லைன்னு கையெழுத்துப் போட்டீங்க. அந்தத் தாள் இருக்கறவரைக்கும் என்ற வேலைக்குப் பங்கமில்லைன்னு நானும் இருந்துட்டேன்.”



“முப்பத்தொண்ணுல எந் தங்கச்சி நிக்கா” என்றாள் ஜெபக்கனி.

“ஓடற பெட்டியை நிறுத்த வாரியத்துல மூணு கையெழுத்து வேணுங்க. போன் போடறேன்.”

போட்டான். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்’ என்று ஒரு பெண்குரல் சொன்னது. அதற்குப் பிறகு நாதஸ்வரம் ஒலித்தது. ஜெபக்கனி ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

*

முப்பத்தொன்றாம் அளம் இருபது கிலோமீட்டர். வாசலில் கங்காணி தாவீது குடையோடு உட்கார்ந்திருந்தான்.

“சங்கு ஊதணும். ஆளுவள ஏத்தும்.”

“நீ யாரு சொல்ல? பெட்டி பச்சை. இந்தா போன்ல பாரு.”

“அந்தப் பெட்டியை எழுதினவளே நான்தான்.”

“அப்ப ஒனக்கே நம்பிக்கை இல்லையா?” என்று சிரித்தான். “பச்சையில ஆள ஏத்தினா எங்கிட்ட விளக்கம் கேப்பாவ. போம்மா அங்குட்டு.”

அவனைத் தள்ளிவிட்டு வரப்பில் ஓடினாள். செருப்பு உப்பில் வழுக்கியது. நாலாவது பாத்தியில் பாக்கியம் தெரிந்தாள். முகத்தை மூடிக் கட்டியிருந்தாலும் அந்தக் கால்களைத் தெரியாதா?

“ஏளா பாக்கியம்! ஏறி வா!”

பாக்கியம் நிமிர்ந்தாள். யாரென்று பார்த்தாள். பக்கத்தில் வாரிக்கொண்டிருந்த பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். இந்த மூன்று வாரமாக அவர்களில் ஒருத்தியும் அவளை நோயாளி என்று சொன்னதில்லை.

“யாருக்கா அது?” என்று ஒருத்தி கேட்டாள்.

“தெரியல” என்றாள் பாக்கியம்.

குனிந்து பலகையைப் பிடித்தாள். முன்னைவிட வேகமாக வாரினாள். அக்கா வரப்பு வரப்பாகத் தாண்டி வருகிற அவ்வளவு நேரமும், ஒரு இழுப்பு, இன்னொரு இழுப்பு என்று, பக்கத்துப் பெண்கள் பின்தங்கும்படி வாரினாள். ஜெபக்கனி அந்தப் பாத்திக்குள் காலை வைத்தபோது பலகை கையில் இருக்க, ஆள் பக்கவாட்டில் சாய்ந்தாள். நெற்றியைத் தொட்டால் காய்ந்த சட்டிபோல் சுட்டது. ஒரு பொட்டு வேர்வை இல்லை.

உப்பு ஏற்றுகிற டிராக்டரில் அவளைத் தூக்கி வைத்தபோதுதான் சங்கு ஊதியது. மணி பன்னிரண்டரை. பெட்டி தன் கணக்கில் ஒரு நிமிடம்கூடத் தவறவில்லை.

*

பாக்கியம் பிழைத்தாள். இரண்டு சிறுநீரகமும் பிழைக்கவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் பெரியாஸ்பத்திரியில் இரத்தத்தைக் கழுவ வேண்டும், இருக்கிறவரைக்கும்.

ஜெபக்கனி பார்க்கப் போனாள். பாக்கியம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சுவரிடம்தான் பேசினாள்.

“எம் பேர இனி எங்கயும் எழுத மாட்டேன்னு சத்தியம் பண்ணச் சொல்லு.”

“சத்தியமா எழுத மாட்டேன்.”

“போகச் சொல்லு.”

விசாரணை வாரியத்தின் கிளை அலுவலகத்தில் நடந்தது. விசாரித்தவர் வசந்தகுமாரி என்ற அதிகாரி. அன்று மட்டும் கரை முழுவதும் பதினேழு பேர் விழுந்திருந்தார்கள். இரண்டு பேர் எழுந்திருக்கவில்லை.

“இவிய பாத்துட்டு விட்டுட்டாவ” என்றாள் ஜெபக்கனி.

“இவங்க தெரிஞ்சே மறைச்சுக் கையெழுத்துப் போட்டாங்க” என்றான் தரணிதரன்.

“ரெண்டு பேரும் உண்மையைத்தான் சொல்றீங்க” என்றார் வசந்தகுமாரி. “அதுக்கான உத்தரவு தனியா வரும். நான் இப்ப கேக்கறது வேற. சராசரி ஆள்னு ஒருத்தர் உள்ள இருக்காரே, அவர் எந்த அளத்துல வேலை பாக்கறார்?”

வசந்தகுமாரி கோப்பைப் புரட்டினார்.

“நாலாயிரம் பேர்ல மூவாயிரம் பேர் பொம்பளைங்க. இந்த ஆம்பளையை யாராவது பாத்திருக்கீங்களா?”

“அப்ப பேர்ப்பட்டியலைத் திருப்பி வையுங்க” என்றாள் ஜெபக்கனி.

“முடியாதும்மா. அடுத்தவளோட நோவை இன்னொருத்தி சொல்றதும், நீங்க எழுதி வைக்கிறதும் இன்னைக்குச் சட்டப்படி குத்தம். உங்க அளத்துலயும் அதை நிறுத்தணும். உள்ள இருக்கிற உடம்பை மாத்துங்க, அது போதும். பேர் இருக்கக் கூடாது. பத்து நாள் தரேன். ரெண்டு பேருமே உக்காந்து செய்யுங்க.”

உட்கார்ந்தார்கள். முதல் அளத்தின் அதே அறை. அவள் நாற்காலியில், அவன் ஸ்டூலில். ஒன்பது நாள் வேலைக்கு வேண்டிய வார்த்தை தவிர வேறு பேசவில்லை. தாகத்துக்குத் தண்ணீர்கூடத் தனித்தனி பாட்டில். பத்தாம் நாள் அந்த வரிக்கு வந்தார்கள்.

“சொல்லுங்க” என்றான், விசைப்பலகையில் கையை வைத்து.

“பொம்பள.”

“ம்.”

“வயசு நாப்பத்திரெண்டு. எடை நாப்பத்தாறு.”

“அப்புறமுங்க?”

“கால் வீங்கும். சிறுநீரகம் பாதிதான் வேலை செய்யும். ரெண்டு வரப்பு நடந்தா உக்காரணும். முடியலன்னு வாயால சொல்லவே மாட்டா.”

அவன் விரல்கள் நின்றன. “கடைசியில சொன்னது கணக்குக்கு வராதுங்க.”

“அப்ப அத விடும்.”

“இது யாருன்னு எனக்குத் தெரியுமுங்க.”

“பேரு போட்டீரா?”

“இல்லீங்க.”

“அப்ப ஒமக்குத் தெரியாது.”

தட்டெழுதினான். படிவத்தை எடுத்து நீட்டினான். கேட்க வேண்டியதைக் கேட்டான். “வெளியில இருந்து வேற ஏதாவது எடுக்குதுங்களா?”

“இல்ல” என்றாள் ஜெபக்கனி. “இப்ப எல்லாம் உள்ளதான் இருக்கு.”

*

தரணிதரனை வாரியம் எங்கோ மலைப்பக்கம் மாற்றியது. ஜெபக்கனியின் பதவி போனது. குளிர்கொட்டகையைக் கூட்டி, தண்ணீர்ப்பானை நிரப்புகிற வேலை கொடுத்தார்கள். அதையும் அந்த ஜன்னலுக்குப் பக்கத்திலேயே இருந்து செய்தாள்.

இப்போது சங்கு பத்தரைக்குள் ஊதிவிடும், அறுபத்து நாலு அளத்திலும். முதலில் எல்லோருக்கும் எரிச்சல். எவ உடம்புடி இது, இவ்வளவு வெரசா நோகுது என்று கேட்டார்கள். பெட்டிக்குள் பெயர் இல்லை. ஆனால் நாற்பத்தாறு கிலோ, கால் வீக்கம் என்று வாரியமே நோட்டீஸ் ஒட்டியிருந்தது. சுடலைவடிவு ஒரு தடவைதான் படித்தாள்.

அதிலிருந்து சங்கு ஊதினால், “பாக்கியத்துக்கு முடியலையாம், ஏறுங்கட்டி” என்று முதல் அளத்தில் ஒரு குரல் கேட்கும். அது இரண்டாம் அளத்துக்குப் போனது. பிறகு ஒன்பதுக்கு, இருபதுக்கு. பாக்கியம் என்று ஒருத்தி உண்மையிலேயே இருக்கிறாளா என்று தெரியாத பெண்களும் அப்படித்தான் சொன்னார்கள். அதற்குப் பிறகு அந்த வருடம் வெயிலுக்கு யாரும் சாகவில்லை.

மறு வருடம் கோடையில் பாக்கியம் வந்தாள். வரப்பில் நாலு இடத்தில் உட்கார்ந்து, கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சோடு, ஜன்னலுக்கு வந்து நின்றாள். ஜெபக்கனி பானையைக் கீழே வைத்தாள்.

“ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்காரி சொல்லுதா, அவ மருமவ வேல பாக்க அளத்துல பாக்கியம்னு ஒரு சீக்காளி இருக்காளாம். அவளாலதான் தெனமும் வேல நிக்காம். நான்தான் அதுன்னு சொல்லவா நான்?”

“பேரு எழுதல. சத்தியம்.”

“ஒஞ் சத்தியத்த நீயே வச்சுக்க. எடு.”

“என்னத்த?”

“எல்லாத்தையும். எங் கால, எஞ் சிறுநீரகத்த. இன்னைக்கு நல்லாத்தான் இருக்கேன். மாத்திப் போடு.”

“முத்திரை போட்டாச்சுளா. உள்ள யாரும் கை வைக்க முடியாது. வச்சா பழையபடி எழும்பும்.”

பாக்கியம் கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் மூச்சு வாங்கினாள்.

“நான் செத்துட்டா?”

“அப்பவும் ஊதும்.”

“அப்ப எனக்கு விடுதலையே கெடையாது.”

ஜெபக்கனி குனிந்து பானையை எடுத்தாள்.

“நான் சாவ மாட்டேன்” என்றாள் பாக்கியம். “எதுக்குத் தெரியுமா? தெனமும் பத்தரைக்கு இது ஊதும்போது நீ இங்கன நின்னு கேக்கணும். நான் இருக்கேன்னு தெரிஞ்சு கேக்கணும்.”

தலைக்கு மேல் சங்கு ஊதியது. பாத்திகளுக்கு நடுவில் சுடலைவடிவு நிமிர்ந்தாள். கையை வாயருகே குவித்துக்கொண்டாள்.

“பாக்கியத்துக்கு முடியலையாம்! ஏறுங்கட்டி!”

பாக்கியம் ஜன்னலை விட்டுத் திரும்பி, இருந்த மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தினாள்: “நல்லாத்தான்ட்டி இருக்கேன், சனியன்களா!”

யாரும் நிற்கவில்லை. பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாத்திக்குள் விழுந்தன.